இது தேவையான ஆணி

நாலு மாசமா இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்றது நம்ம எல்லாருக்கும் வழக்கமான சாக்கு தான். ஆனா இந்த தடவை நிஜமாவே ஒரு ஆணி விஷயமா தான் எழுத உட்கார்ந்திருக்கேன். அது ஆணி கூட இல்லை, அரை ஜாண் நீளத்துல ஒரு இரும்புக் குச்சி. சொல்றேன்.

டிஸ்கி: கொஞ்சம் ரத்தம் வரும். சாப்பிட்டுக்கிட்டே பதிவு படிக்கிற நண்பர்கள் கை கழுவிட்டு வாங்க.

எங்க ஊர் செங்கோட்டைன்னு உங்களுக்குத் தெரியும். குற்றாலச் சாரல், பரோட்டான்னு எழுதியே காலத்தை ஓட்டியிருக்கேன். மரத்தைப் பத்தி எழுதினதில்லை. கேரளா எல்லை பக்கத்துல இருக்கறதால எங்க ஊர்ல வாள்பட்டறைகள் ஜாஸ்தி. காலையில கோழி கூவுதோ இல்லையோ, மரம் அறுக்கிற சத்தம் கேட்டுடும். அப்பா வச்சிருந்தது வாள்பட்டறை இல்லை, சின்ன தச்சுப் பட்டறை. மொத்தமே நாலு ஆள். நிலை, கதவு, ஜன்னல் செய்வாங்க. அவங்கள்ல மூத்தவரை நான் மாமான்னு கூப்பிடுவேன், அப்பா "ஆசாரி"ம்பார். அவர் எனக்கு பம்பரம் செஞ்சு கொடுத்தது, அது பள்ளிக்கூடத்துல திருடு போனது எல்லாம் தனிப் பதிவு.

1992-ல அப்பா ஒரு ஏலத்துல பழைய மிஷின் ஒண்ணு எடுத்துட்டு வந்தார். இந்த ஊர்ல செஞ்சது இல்லை. பேர் பொறிச்ச தகடு கூட கழண்டு போயிருந்தது. ஸ்பிண்டில் மோல்டர்னு சொல்வாங்க, பட்டறையில சுருக்கமா ஸ்பிண்டில். பார்க்க ரொம்ப சாது. ஒரு இரும்பு மேடை, அதுக்கு நடுவுல ஒரு ஓட்டை, அதுலேருந்து செங்குத்தா ஒரு தண்டு எட்டிப் பார்க்கும். அந்த தண்டுல கட்டரை மாட்டி, மரத்தை மேடை மேல வச்சுத் தள்ளினா ஓரத்துல மோல்டிங் விழும். கதவுச் சட்டத்துல, ஜன்னல் கட்டைல நீங்க பார்க்கிற அந்த வரி வரியான வேலைப்பாடு தான். இழைப்புளியில ஒரு நாள் பூரா செய்யறதை அரை மணி நேரத்துல முடிச்சுடலாம். அப்பாவுக்குத் தலைகால் புரியலை.

நேர் கட்டைக்கு இந்த மிஷின்ல பெரிய வில்லங்கம் இல்லை. கட்டருக்கு ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி ஒரு நேர்க்கட்டை நிக்கும், ஃபென்ஸ்னு பேரு. மரம் அதை ஒட்டியே போகும். கட்டர்ல முக்காவாசி அந்த சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். எவ்வளவு ஆழம் வெட்டணும்னு முடிவு பண்றது அந்த சுவர், நம்ம கை இல்லை.

வளைஞ்ச மரத்தை அந்த சுவர்ல சாய்க்க முடியாது. சுவரையே கழட்டி ஓரமா வைக்கணும். இப்ப மேடை மேல கட்டர் மட்டும் அம்போன்னு நின்னு சுத்தும். அதுக்கு மேலயோ கீழயோ அதே தண்டுல காலர்னு ஒரு வளையம் மாட்டியிருப்பாங்க. மரம் அந்த வளையத்துல உரசிக்கிட்டு போகும், கட்டர் அதுக்கு மேல ஆழமா போகாது. கேட்க நல்லா தான் இருக்கு. ஆனா இந்த ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருக்கு, அது எனக்குத் தெரிய இருபத்தேழு வருஷம் ஆச்சு.

1994. பக்கத்துல ஒரு ஊர்ல சர்ச் ஜன்னலுக்கு ஆர்டர். மேல அரைவட்டமா ஆர்ச். மூணடி அகல ஜன்னல், அரைவட்டத்தை மூணு துண்டா அறுத்து சேர்க்கணும். ஒவ்வொரு துண்டும் வெளி வளைவுல ஒண்ணரை அடி தான் இருக்கும், உள் வளைவுல அதை விடக் கம்மி. அந்த உள் வளைவுல மோல்டிங் ஓட்டணும். எட்டு ஜன்னல், இருபத்தி நாலு துண்டு.

எனக்கு அப்ப 12 வயசு. சனிக்கிழமை. டீ வாளியோட பட்டறைக்குள்ள நுழையறேன். ஸ்பிண்டில் ஓடற சத்தம் ஒரே சீரா 'ங்ங்ங்'னு இருக்கும். அதுக்கு நடுவுல 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவு தான். ஒரு தேக்குத் துண்டு பறந்து போய் சுவத்துல சாத்தி வச்சிருந்த பலகை மேல அடிச்சு விழுந்தது. மாமா கத்தவே இல்லை. தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடது கையில சுத்திக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். மிஷினை யாரோ நிறுத்தினாங்க. நிறுத்தின பிறகும் அது ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்தது, அது தான் இன்னும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மேடை மேல இருந்த மரத்தூள் நிறம் மாறியிருந்ததையும் பார்த்தேன்.

ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு, நடுவிரல்ல ஒரு கணு.

அப்பா ஆஸ்பத்திரி செலவு பார்த்தார், ரெண்டு மாசம் சம்பளமும் கொடுத்தார். அந்த காலத்துக்கு அது பெரிய மனசுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. 1923-ம் வருஷத்து தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்துல ஒரு அட்டவணை இருந்தது. ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போனா சம்பாதிக்கிற திறன்ல 11 சதவீதம் போச்சு, நடுவிரல்ல ஒரு கணுன்னா 7 சதவீதம்னு கணக்கு போட்டு வச்சிருந்தாங்க. இதெல்லாம் நான் போன வருஷம் தேடிப் படிச்சது. அன்னைக்கு எங்க பட்டறையில அப்படி ஒரு அட்டவணை இருக்கறதே யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஊர் வாய். "முந்தின நாள் ராத்திரி தண்ணி போட்டிருப்பான்." அப்பா அப்படிச் சொல்லலை. அவர் சொன்னது "கவனம் பத்தல"ன்னு மட்டும் தான். ஆனா மத்தவங்க தண்ணின்னு சொன்னப்ப அவர் மறுக்கவும் இல்லை. மாமா அதுக்கப்புறம் பட்டறைக்கு வரலை. அப்பாவும் வளைவு வேலை எடுக்கறதை அதோட நிறுத்திட்டார்.

நான் இதை அப்படியே நம்பினேன். நம்பினதோட விடலை. 2008-ல இதே வலைப்பூவுல, குடியைப் பத்தி ரொம்பப் புத்திசாலித்தனமா ஒரு பதிவு போட்டேன். அதுல போற போக்குல ஒரு வரி, குடிச்சுட்டு மிஷின்ல கையை விட்ட ஒரு ஆசாரியைப் பத்தி. பேர் போடலை. ஆனா எங்க ஊர்க்காரன் எவன் படிச்சாலும் யார்னு தெரிஞ்சிருக்கும். "நச் பதிவு", "சூப்பர் தல"ன்னு நாற்பது பின்னூட்டம் வேற. அந்த வரியை இப்ப எடுத்துட்டேன். சத்தம் போடாம அழிச்சுட்டு போயிடறது சரியாப் படலை, அதான் இந்தப் பதிவு.

அப்பா 2019-ல தவறினார். பட்டறை பூட்டியே கிடந்தது. கொரோனா வந்து ஆபீஸ் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினப்ப நான் ஊருக்கே வந்துட்டேன். 2021-ல ஒரு நாள் பட்டறையைத் திறந்து, துடைச்சு, சும்மா பொழுதுபோக்கா முக்காலி, புத்தக அலமாரின்னு ஆரம்பிச்சேன். (முதல் முக்காலி நாலு மூலைக்கும் ஆடும். முக்காலிக்கு ஏது நாலு மூலைன்னு கேட்காதீங்க.) ஸ்பிண்டில் பக்கம் மட்டும் போகலை.

ஒரு ராத்திரி இந்த மிஷினைப் பத்தி நெட்ல வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர், நல்லா வயசானவர், வளைஞ்ச நாற்காலிக் கால் ஒண்ணை ஓட்டப் போறார். ஃபென்ஸைக் கழட்டினார். அப்புறம் சட்டைப் பையிலேருந்து ஒரு இரும்புக் குச்சியை எடுத்து, கட்டருக்கு வலது பக்கம் மேடையில இருந்த ஓட்டையில சொருகினார். ஒரு முனை சரிவா மெலிஞ்சு, மறுமுனை ஒரே பருமனா, அரை ஜாண் நீளம்.

வீடியோவை நிறுத்திட்டேன். அந்தக் குச்சியை எனக்குத் தெரியும். அப்பா ஆணி எறக்க வச்சிருந்தது அது. கதவுல ஆணி அடிச்சா தலை வெளியே தெரியாம உள்ள எறக்க, இதை வச்சு சுத்தியால ஒரு தட்டு தட்டுவார்.

டார்ச் எடுத்துக்கிட்டு பட்டறைக்குப் போனேன். மணி பதினொண்ணு இருக்கும். ஸ்பிண்டில் மேடையை விரலால தடவிப் பார்த்தா, கட்டருக்கு வலது பக்கம் ஒரு சின்ன வட்டம். ஓட்டை தான். மரத்தூளும் கிரீஸும் இருபத்தஞ்சு வருஷத்துக்கும் மேல இறுகி தார் மாதிரி அடைச்சிருந்தது. ஸ்க்ரூடிரைவரால நோண்டி எடுக்க கால் மணி நேரம் ஆச்சு. அப்பாவோட பெட்டியிலேருந்து குச்சியை எடுத்து விட்டேன். சுத்தியடி வாங்கின முனை பூத்துப் போயிருந்தது. ஆனா மெலிஞ்ச முனை ஓட்டையில கச்சிதமா போய் உட்கார்ந்தது.

அதோட வேலை என்னன்னு சொல்றேன். கட்டர் நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்துதுன்னு வைங்க, குறுக்களவு 10 சென்டிமீட்டர். விளிம்போட வேகம் நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டர். ரெண்டு அலகு இருந்தா நொடிக்கு 200 வெட்டு. மேலேருந்து பார்த்தா எங்க மிஷின் இடஞ்சுழியா சுத்தும். நாம நிக்கிற பக்கத்துல கட்டரோட முகம் இடமிருந்து வலமா ஓடும். அதனால மரத்தை வலமிருந்து இடமா, அதுக்கு எதிராத் தள்ளணும். கூடவே தள்ளினா கட்டர் மரத்தைக் கையிலேருந்து பிடுங்கிக்கிட்டு போயிடும்.

மரம் வளையத்துல ஒட்டின பிறகு ஆழம் தானா கட்டுப்படும், சரி. ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி? மரத்தோட முனை முதல்ல தொடறது வளையத்தை இல்லை, கட்டரைத் தான், ஏன்னா கட்டர் தான் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த ஒரு கணம் மரத்துக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது, நம்ம ரெண்டு கையைத் தவிர. நொடிக்கு 200 தடவை அடிக்கிறதை கையால தாங்க முடியாது. அலகு முனையில ஆழமா கடிச்சுடும், துண்டு வலது பக்கம் பறக்கும். இடது கை முன்னாடி அழுத்திக்கிட்டு இருக்கு, எதிர்ல இருந்த மரம் திடீர்னு காணாம போச்சு. கை நேரா கட்டர்ல.

குச்சி இருந்தா, முதல்ல மரத்தை அதுல சாய்க்கலாம். கட்டரைத் தொடாமலே. சாய்ச்சுக்கிட்டு, அதையே அச்சா வச்சு மெல்ல கட்டர் பக்கம் திருப்பினா, மரம் பின்னால போக வழியில்லை, குச்சி தடுக்கும். வளையத்துல நல்லா ஒட்டினதும் குச்சியை விட்டு விலகி ஓட்டிக்கலாம். வேலை மொத்தமே ரெண்டு நொடி தான்.

மாமா ஓட்டினது ஒண்ணரை அடித் துண்டு, வெறும் கை, குச்சி இல்லை. இருபத்தி நாலுல பதினேழு வரைக்கும் ஒண்ணும் ஆகலைங்கறது தான் எனக்கு ஆச்சரியம். தண்ணி போட்டிருந்தவன் பதினேழு துண்டு ஓட்டியிருக்க முடியுமா?

மத்த விஷயமும் மெல்ல மெல்ல புரிஞ்சுது. வெறும் துண்டைக் கையில பிடிக்கவே கூடாது. பிளைவுட்ல அதே வளைவுல ஒரு அச்சு வெட்டி, மரத்தை அதுல கிளாம்ப் போட்டு முடுக்கி, அச்சு மேல ரெண்டு கைப்பிடி வைக்கணும். அச்சு ரெண்டு முனையிலயும் மரத்தை விட மூணு அங்குலம் நீளமா இருக்கணும். அப்ப கட்டர் மரத்தைத் தொடறதுக்கு முன்னாடியே அச்சு வளையத்துல ஏறிடும். கட்டரை மரத்துக்கு அடிப்பக்கமா வரற மாதிரி வைக்கணும். அப்படி வச்சா மரம் தூக்கிக்கிட்டா கூட கட்டரை விட்டு விலகித்தான் போகும், அதை மேல வச்சா தூக்கின மரம் இன்னும் ஆழமா கடிபடும். வளையத்துல பேரிங் இருக்கறது நல்லது, இல்லேன்னா தண்டோட சேர்ந்து சுத்தி அச்சைக் கருக்கிடும். லுங்கி, தோள்ல துண்டு, மணிக்கட்டுல கயிறு, கையுறை எதுவும் கூடாது. கையுறை பாதுகாப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சுத்தற மிஷின்ல அது கையையும் சேர்த்து உள்ள இழுக்குமாம்.

பிரிட்டன்ல கையால தள்ளற மிஷின்களுக்கு, அலகு கட்டர் தலையை விட்டு 1.1 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு வச்சிருக்காங்க. சுவிட்சை அணைச்சா பத்து நொடிக்குள்ள நிக்கணும்னும் இருக்கு. அன்னைக்கு எங்க பட்டறையில அது சுத்திக்கிட்டே இருந்ததை நினைச்சுக்கிட்டேன். எங்க பழைய கட்டர்ல அலகு ஒரு விரல்கடை நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுட்டு அலகு குட்டையா இருக்கற புதுசு ஒண்ணு வாங்கினேன். விலையை வீட்டம்மாகிட்ட பாதி தான் சொல்லியிருக்கேன், யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க :-)

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் ஒரு வருஷம் மாமாவைப் பார்க்கப் போகலை. என்னன்னு போய்ச் சொல்றது? போன தை மாசம் தான் போனேன். புளியரை பக்கம் மக வீட்டுல இருக்கார். எழுபது தாண்டிடுச்சு.

"எப்ப வந்திய தம்பி?"ன்னார். காபி வந்தது. குச்சியை எடுத்து அவர் கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மொதலாளி ஆணி எறக்குதது லா."

விஷயத்தைச் சொன்னேன். டம்ளரை மேடையா வச்சு, பிஸ்கட்டை ஆர்ச் துண்டா வச்சு. எங்க சொருகணும், எப்படி சாய்க்கணும், அன்னைக்கு என்ன ஆச்சு. அவர் பேசலை. பிஸ்கட்டை வாங்கி அவரே ஒரு தடவை குச்சியில சாய்ச்சு திருப்பிப் பார்த்தார்.

"வளைவு இதுல வேண்டாம், கையாலயே இழைச்சுத் தாரேன்னு சொன்னேன் தம்பி. திருவிழா வருது, நாள் இல்ல ஆசாரின்னாவ."

அப்பா இப்படிச் சொன்னது எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் என்ன சொல்லணும்னு தெரியாம காபியைக் குடிச்சேன்.

"நானும் தண்ணி போடுதவன் தான்"னார் கொஞ்ச நேரம் கழிச்சு. "இல்லைன்னு சொல்லல. அன்னைக்குப் போடல. அதுக்கு மொத நாளும் போடல. எம் பொண்டாட்டியே நம்பல, பாத்துக்கிடுங்க."

மக உள்ளேருந்து எட்டிப் பார்த்தா. நான் 2008-ல எழுதினதைச் சொன்னேன். நெட்டு, வலைப்பூன்னு விளக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. "பேப்பர்ல போட்ட மாதிரியா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "அப்ப திரும்பவும் போடுங்க"ன்னார். அவ்வளவு தான் சொன்னார், கோபமாவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, பஸ் ஏறி தானா பட்டறைக்கு வந்தார். பூஜை ரூம் ஜன்னலுக்கு நான் சின்னதா ஒரு ஆர்ச் செஞ்சுக்கிட்டிருந்தேன். அவர் மிஷினுக்கு ரொம்ப தள்ளி, வாசப்படி கிட்டயே நின்னுக்கிட்டார். நான் குச்சியைச் சொருகி, அச்சை சாய்ச்சு, மெல்ல திருப்பினேன். வளையத்துல ஒட்டற வரைக்கும் மூச்சு விடலைங்கறது அப்புறம் தான் தெரிஞ்சுது. துண்டு ஓடி முடிஞ்சது. மிஷினை அணைச்சு, தண்டு முழுசா நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருந்தோம். அப்புறம் தான் கிட்ட வந்தார்.

இடது கையால, மிச்சம் இருக்கற விரலால, உள் வளைவை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் தடவினார். நடுவுல கை நின்னுது.

"இங்கன வரைக்கும் நல்லா வந்திருக்கு. இதைத் தாண்டி பிசிறு அடிக்கு பாத்தியளா? மரம் நேர் மரம், நீங்க வளைச்சு அறுத்திருக்கிய. பாதி வரைக்கும் நாரோட போவும், பொறவு நாருக்கு எதிரா ஏறும்."

"என்ன செய்யணும் மாமா?"

"ஒரே மூச்சுல எடுக்காதிய. மொதல்ல பெரிய வளையம் போட்டு மேலாக்க எடுங்க, பொறவு சின்னதைப் போட்டு மிச்சத்த. கடைசி தடவ மயிரிழை தான் எடுக்கணும்."

அப்பா பெட்டியில மூணு அளவுல வளையம் கிடந்தது, அதுவும் எதுக்குன்னு தெரியாம கிடந்தது தான். ப்ளக்கைப் பிடுங்கிட்டு பெரிசை மாட்டினேன். அடுத்த துண்டை மூணு தடவையா ஓட்டினோம். 'ஓட்டினோம்'னு சொல்றேன், மிஷினைத் தொட்டது நான் மட்டும் தான். இந்த தடவை பிசிறு இல்லை. மூணாவது துண்டுக்கு முன்னாடி, டீ குடிச்சுட்டு வரலாம்னு அவர் தான் கூப்பிட்டார்.

ஜன்னல் இன்னும் மாட்டலை, பாலிஷ் பாக்கி. மாட்டினதும் படம் போடறேன். படத்துல முதல் துண்டைப் பெரிசு பண்ணிப் பார்க்காதீங்க, பிசிறு விழுந்தது அதுல தான்.